இடம் சொன்னீர்கள், பொழுது சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த நடைப்பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அருவியில் தொடங்கி, காட்டைக் கடந்து, கடற்கரையில் முடியும் மூன்று நாள் நடையை எப்படித் திட்டமிடலாம் என்பதை அது எடுத்துரைத்தது. படங்கள் கண்ணைப் பறித்தன. காலணி, முதுகுச் சுமை, குடிநீர் ஆகியவை குறித்துச் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவை. வாகனத்தில் போய் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்காகவே பயணப் பக்கங்கள் எழுதப்பட்டு வரும் இந்நாளில், நடந்து போகிறவர்களை நினைவில் வைத்து இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கியமைக்கு நன்றி. ஆயினும், எங்கே போக வேண்டும் என்பதை அவ்வளவு விரிவாகச் சொன்ன கட்டுரை, எப்போது போக வேண்டும் என்பதை ‘ஆண்டு முழுவதும் செல்லலாம்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொண்டது. அந்த வரி தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும் என்பதால் இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

நிலத்தைப் பொழுதிலிருந்து பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் பழைய இலக்கண மரபில் இருந்ததில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். மலையாகிய குறிஞ்சிக்கு நள்ளிரவாகிய யாமமும் குளிர்காலமாகிய கூதிரும், காடாகிய முல்லைக்கு மாலையும் கார்காலமும், கடற்கரையாகிய நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாடும் என்று வகுத்தவர்கள் அதைப் பாட்டுக்காகத்தான் வகுத்தார்கள் என்பதும், அது நடைப்பயணிக்கு எழுதப்பட்ட வழிகாட்டி அன்று என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் மலையும் காடும் கடலும் ஒவ்வொன்றும் தமக்கென ஒரு கடிகாரத்தை வைத்திருக்கின்றன என்ற அடிப்படை உண்மை அந்தப் பகுப்பில் இருக்கிறது. தங்கள் கட்டுரையில் அது இல்லை. கட்டுரை எடுத்துக்கொண்ட வரிசையிலேயே இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் அருவி. கட்டுரையுடன் வெளியான படத்தில் அருவி பாறையின் முழு அகலத்துக்கும் வெள்ளையாகக் கொட்டுகிறது. அந்தப் படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லை. இது சிறிய விஷயம் என்று தோன்றலாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி அருவி மூன்று நிலைகளாக மொத்தம் 739 மீட்டர் விழுகிறது. உலகின் உயரமான அருவிகளுள் ஒன்றாக அது பட்டியல்களில் இடம்பெறுகிறது. ஆனால் அது பனி உருகிய நீரால் ஓடுவது. மே மாதத்தில் இடியோசை எழுப்பும் அதே அருவியைத் தேடி ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஏறிச் செல்பவர் பல ஆண்டுகளில் வறண்ட பாறையைத்தான் பார்க்க நேரும். ஜாம்பேசி ஆற்றின் விக்டோரியா அருவியில் நிலைமை இன்னும் விசித்திரமானது. நீர் உச்சத்தில் ஓடும் ஏப்ரல் வாக்கில் எழும் சாரலே திரையாகி, 108 மீட்டர் வீழ்ச்சியை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் சாம்பியா நாட்டுப் பக்கத்தின் பெரும்பகுதி வெறும் பாறைச் சுவராக நிற்கும். நீர் மிகுந்தாலும் காண முடியாது, குறைந்தாலும் காண முடியாது என்ற நிலையில், இரண்டுக்கும் இடைப்பட்ட சில மாதங்களே நடந்து சென்று பார்ப்பவருக்கு உகந்தவை. எந்த அருவிக்கும் இப்படியொரு பருவம் உண்டு. அதைச் சொல்லாத வழிகாட்டி பாதி வழியையே காட்டுகிறது.

பருவம் மட்டுமல்ல, நாளின் பொழுதும் கணக்கில் உண்டு. சாரலில் வானவில் தோன்ற வேண்டுமானால் சூரியன் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்; சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் வில் அமையும். ஆகவே மேற்கு நோக்கி விழும் அருவியைக் காலையில் போய்ப் பார்ப்பவருக்கு எதிர்வெயிலும் கூசும் கண்ணுமே மிஞ்சும். பிற்பகலில் செல்பவருக்கு வில் கிடைக்கும். நண்பகலில், சூரியன் உச்சியில் இருக்கும்போது, கீழே நிற்பவருக்கு வில் தெரியாது. மேலே நின்று சாரலைக் குனிந்து பார்ப்பவருக்குத் தெரியலாம். அருவி எத்திசை நோக்கியது என்ற ஒரு சொல்லை அச்சிட்டிருந்தால் வாசகர் தமக்கு வேண்டிய நேரத்தைத் தாமே வகுத்துக்கொண்டிருப்பார்.

அழகு தவறிப்போவது பெரிய இழப்பு இல்லை. இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். உயிருக்கு அந்தச் சலுகை கிடையாது. அருவியின் கடிகாரம் அருவியில் இல்லை, அதற்கு மேலே, பார்வைக்கு எட்டாத நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மலையின் மறுபுறம் பெய்த மழை ஓடைகளில் சேர்ந்து, குறுகிய பள்ளத்தாக்கு வழியாகச் சில நிமிடங்களில் வந்து சேரலாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் உள்ள கலலாவ் தடம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுடையது. கடலை ஒட்டிய செங்குத்து மலைச்சரிவுகளில் செல்லும் அத்தடத்தில் முதலில் எதிர்ப்படும் பெரிய ஓடை ஹனகாபியாய். அதன் மேற்பகுதியில் உள்ள அருவியைக் காணச் செல்வோர் ஏராளம். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடிய அந்த ஓடை, மலைமேல் பெய்த மழையால் பெருக்கெடுத்து, போனவர்களைத் திரும்ப விடாமல் மறுகரையில் நிறுத்திய நிகழ்வுகள் பலமுறை நடந்திருக்கின்றன; 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது. அதே தீவில் 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் வைப்பா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதன் பின் அந்தத் தடம் மூடப்பட்டு, 2019-ஆம் ஆண்டு நடுவில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

தண்ணீர் பெருகப் போகிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. தெளிந்திருந்த நீர் கலங்கி மண்ணிறம் கொள்ளும். சருகும் சுள்ளியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வரும். ஓசையின் சுருதி மாறும். கரையோரக் கல்லில் ஈரக்கோடு மேலேறும். இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதை, குளிக்க ஏற்ற தடாகம் எது என்று சொல்லும் கட்டுரை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஓடையைக் கடப்பது பற்றிக் கட்டுரை சொல்லும் ‘முழங்கால் ஆழம் வரை பயமில்லை’ என்ற கருத்தும் சரியன்று. ஆழத்தைவிட வேகமே முக்கியம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் முழங்கால் ஆழத்து நீரில் கால் கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டால், முன்னோக்கி விழும் உடலை நீரே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெருகிய ஓடையின் கரையில் சில மணி நேரம் பொறுத்திருந்தால் பெரும்பாலும் நீர் தானே வடிந்துவிடும், ஏனெனில் குறுகிய மலையோடை விரைந்து ஏறுவது போலவே விரைந்து இறங்கவும் செய்யும். காத்திருத்தலையும் பயணத் திட்டத்தில் ஒரு பகுதியாக எழுதுகிற கட்டுரை எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

அருவிக்கு அடியில் நிற்பதைப் பற்றியும் ஒரு சொல். பல அருவிகள் உருவானதே மேலே கடினப் பாறையும் கீழே மென்பாறையும் இருப்பதால்தான். மோதித் தெறிக்கும் நீர் கீழுள்ள மென்பாறையை அரித்துக் குடைய, பிடிமானம் இழந்த மேற்பாறை ஒருநாள் உடைந்து விழும். அருவி அவ்வளவு தூரம் பின்வாங்கும். நயாகரா இவ்வகையில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. நாம் ரசித்து நிற்கும் அந்த அரைவட்டக் குடைவு பாறை விழுந்து விழுந்து உண்டான இடமே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹவாயின் ஓவாஹு தீவில் உள்ள சேக்ரட் அருவியில் 1999-ஆம் ஆண்டு மே 9 அன்று, மேலிருந்து சரிந்த பாறைகள் அடியில் கூடியிருந்தவர்கள் மீது விழுந்து 8 பேர் இறந்தனர். அந்தப் பூங்கா அன்றிலிருந்து மூடப்பட்டே இருக்கிறது. மடுவில் நீந்துவதற்கும் தயக்கம் வேண்டும். காற்றுக் குமிழிகள் கலந்து வெண்மையாய்க் கொதிக்கும் நீருக்கு உடலைத் தாங்கும் வலு குறைவு. அந்த வெள்ளை வளையத்துக்கு வெளியே, நீர் பச்சையாகத் தெளிந்து மெல்ல நகரும் பகுதியில் குளித்தால் போதாதா?

அடுத்தது காடு. கட்டுரையாசிரியர் காட்டுப் பகுதியைச் சற்று அவசரமாகவே கடந்து சென்றுவிட்டார். ஏற்றம் 600 மீட்டர், தூரம் 12 கிலோமீட்டர் என்று தாமே குறிப்பிட்டுவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்கிறார். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நேஸ்மித் 1892-ஆம் ஆண்டில் வகுத்த எளிய விதி இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். அதன்படி இந்த நடைக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். அதுவும் உறுதியான பாதையில், ஓய்வின்றி, உடல் வலுவுள்ளவர் நடப்பதற்கான கணக்கு. வேரும் சேறும் வழுக்குப் பாறையும் நிறைந்த காட்டுத் தடத்தில், சுமையோடு, குழந்தைகளையோ முதியவர்களையோ உடன் அழைத்துச் செல்பவருக்கு அது ஐந்து மணி நேரமாவதில் வியப்பில்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், காட்டில் இருள் முந்திக்கொண்டு வரும். அடர்ந்த வெப்பமண்டல மழைக்காட்டின் தரையை எட்டும் வெளிச்சம், மரக்கூரையின் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான். தங்கள் நாளிதழ் அன்றாடம் அச்சிடும் சூரிய மறைவு நேரம் திறந்த வெளிக்கும் தொடுவானத்துக்கும் உரியது. மரங்களுக்கு அடியில், அதிலும் மேற்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்கில், கால் வைக்கும் இடம் தெரியாமல் போவது அதற்கு வெகு முன்னரே நிகழ்ந்துவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காட்டுக்குள் நுழையச் சொல்லும் கட்டுரை, கைவிளக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அடர்ந்த இலைக்கூரையின் கீழும் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் கைப்பேசியின் இடங்காட்டி தடுமாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காட்டுக்கு நாம் இழைக்கக்கூடிய தீங்கும் பொழுதோடு தொடர்புடையதே. மழை ஓய்ந்த மறுநாள் தடம் சேறாகக் கிடக்கும்போது, காலணி அழுக்காகாமல் இருக்க ஓரமாக ஒதுங்கி நடப்பது இயல்பாகத் தோன்றும். ஒவ்வொருவரும் அப்படி ஒதுங்க ஒதுங்க, ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாக அகன்று, ஓரத்துச் செடிகள் மிதிபட்டு, அடுத்த மழையில் மண் கரைந்து ஓடும். சேற்றின் நடுவிலேயே நடப்பதுதான் காட்டுக்குச் செய்யும் மரியாதை. காலணியில் ஒட்டிய அந்தச் சேறும் சாதாரணமானது இல்லை. நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள வைட்டாகரே மலைத்தொடர் காடும் அருவியும் கருமணல் கடற்கரையும் ஒருங்கே அமைந்த நடைக்களம். அங்குள்ள கௌரி மரங்களின் வேரைத் தாக்கி அழிக்கும் நுண்ணுயிர் ஈர மண்ணின் வழியே பரவக்கூடியது. நடப்பவர்களின் காலணிகளும் அதைக் கொண்டு சேர்க்கின்றன. அதனால் 2018-ஆம் ஆண்டில் அங்கே பெரும்பாலான காட்டுத் தடங்கள் மூடப்பட்டன. திறந்திருக்கும் தடங்களில் காலணியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்த பின்னரே செல்ல முடியும். ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்கு அடுத்தடுத்த நாளில் செல்பவர், இடையில் காலணியைக் கழுவிக் காயவைக்கக் கால அவகாசம் விட வேண்டும் என்பது இன்று வழிகாட்டிகளில் இடம்பெற வேண்டிய செய்தி.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன். கட்டுரையில் என்னை உண்மையிலேயே கலங்கவைத்த பகுதி இதுதான். ‘மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு, பாறை முனையைக் கடலோரமாகச் சுற்றி, ஆற்று முகத்துவாரத்தை நடந்தே கடக்கலாம்’ என்று கட்டுரை சொல்கிறது. கட்டுரையாசிரியர் சென்ற நாளில் அது இயன்றிருக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடல் அன்றாடம் அதே நேரத்தில் வற்றுவதில்லை. பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடங்களுக்குள் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஆகவே வற்றும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குக் கடல் முழுவதும் வற்றியிருந்தால், அடுத்த ஞாயிறு அதே இரண்டு மணிக்கு அங்கே ஏறக்குறைய முழு ஏற்றம் நிற்கும். தங்கள் இணைப்பைப் படித்துவிட்டு அடுத்த வார விடுமுறையில் அப்படியே புறப்பட்ட வாசகர், பாறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே நிற்க நேரிட்டிருக்கும்.

கடல் ஏறும் விதமும் ஏமாற்றக்கூடியது. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்றாலும், நீர்மட்டம் சீராக உயர்வதில்லை. மொத்த உயர்வைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்பது கடலோடிகள் கையாளும் தோராயக் கணக்கு. முதல் மணி நேரத்தில் கடல் அசையவேயில்லை என்று நம்பி முனையின் நடுப்பகுதிக்குச் சென்றவர், மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மட்டும் மொத்த உயர்வில் பாதி வந்து சேர்வதைக் காண்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும்; அரைநிலா நாட்களில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறையும். நடப்பவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று இதில் உண்டு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் வற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மணி நேரத்தில்தான் அமையும். அந்த மணியைத் தெரிந்துகொண்டவர், அடுத்த மாதப் பயணத்துக்கும் நிலவை வைத்தே தோராயமாகத் திட்டமிடலாம். துல்லியத்துக்கு, கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையை, அருகிலுள்ள துறைமுகத்துக்கு உரியதாகப் பார்த்தே ஆக வேண்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் நாடுகளில், அட்டவணை எந்த நேரக் கணக்கில் உள்ளது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

புகழ்பெற்ற கடலோர நடைத்தடங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். நியூசிலாந்தின் ஏபல் டாஸ்மன் கடலோரத் தடம் 60 கிலோமீட்டர். அதில் அவரோவா கழிமுகத்தை வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரை மட்டுமே கடக்க முடியும், மாற்றுவழி கிடையாது. அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை இதைத் தடக் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஆட்டர் தடம் 1968-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஐந்து நாள் நடை. முதல் நாளே ஓர் அருவி, இடையில் காடு, நெடுகக் கடல் என்று தங்கள் கட்டுரை கனவு காணும் மூன்றும் அங்கே இருக்கின்றன. நான்காம் நாளில் பிளௌக்ரான்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்ட வேண்டும். வற்றம் அதிகாலையில் அமையும் நாட்களில் நடப்பவர்கள் நள்ளிரவு கழிந்ததும் விளக்குடன் புறப்படுகிறார்கள். அங்கே பயணத்தின் நாள்முறையை நிர்ணயிப்பது அந்த ஆற்றுமுகம்தான். கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள 75 கிலோமீட்டர் மேற்குக் கரைத் தடம் 1906-இல் வலென்சியா என்ற கப்பல் உடைந்து பலர் இறந்த பிறகு, கரையேறுவோரைக் காப்பாற்றும் பாதையாக மேம்படுத்தப்பட்டது. அங்கே சுசியட் அருவி கடற்கரை மணலுக்கே வந்து விழுகிறது. ஆண்டு முழுவதும் செல்லலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை; மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே திறந்திருக்கும், புறப்படும் முன் அறிவுரைக் கூட்டத்தில் கலந்துகொள்வது கட்டாயம், ஓத அட்டவணையும் அதைப் படிக்கத் தெரிந்த அறிவும் இல்லாமல் அந்தக் கரையில் நடக்க இயலாது.

அட்டவணைக்கு அடங்காத கடலும் உண்டு. காற்றழுத்தம் குறைந்தால் நீர்மட்டம் கணக்குக்கு மேல் உயரும். ஒரு மில்லிபார் குறைவுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வீசிய புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் வந்து சேரும். மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வதன் இயல்பும் இதுவே. ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில், பத்துச் சிறிய அலைகளைப் பார்த்துப் பழகி அருகே சென்றவர்களை அடுத்து வந்த ஒரே அலை இழுத்துச் சென்றிருக்கிறது. பாறைத்திட்டில் இறங்குமுன் சற்றுத் தொலைவில் நின்று கடலை நெடுநேரம் பார்ப்பதும், ஈரமாக இருக்கும் பாறைவரை அலை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதும், கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காமல் இருப்பதும்தான் இதற்குத் தெரிந்த காப்பு. கட்டுரையின் முகப்புப் படத்தில் இருப்பவர் ஈரப்பாறையின் விளிம்பில் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறார்.

கரைப்பாறைகளும் அருவிப்பாறையைப் போலவே அடியில் அரிக்கப்பட்டு மேலே உடைபவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கரையில் லண்டன் பாலம் என்று அழைக்கப்பட்ட இரட்டை வளைவுப் பாறையில், கரையோடு இணைந்திருந்த வளைவு 1990-ஆம் ஆண்டு ஜனவரியில் இடிந்து விழுந்தது. வெளிப்பக்கம் நடந்து சென்றிருந்த இருவர் திடீரென்று ஒரு தீவில் நின்றார்கள். ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. அதே கரைப்பகுதியில் செல்லும் நெடுந்தடத்தில், மணல்வழியா மேட்டுவழியா என்று நடப்பவர் ஓதத்தையும் அலையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. முடிவெடுக்க ஓர் இடத்தையும் வேண்டிய செய்தியையும் கொடுத்துவிட்டு முடிவை நடப்பவரிடம் விடும் இந்த முறையே எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த மூன்று கடிகாரங்களும் ஒன்றோடொன்று முரண்படும் என்பதுதான் நடைப்பயணத் திட்டத்தின் உண்மையான சிக்கல். அருவியைப் பார்க்கச் சிறந்த நேரம் நல்ல மழைக்குப் பிந்தைய ஓரிரு நாட்கள். அதே மழைதான் காட்டுத் தடத்தைச் சேறாக்குகிறது. மறுநாள் ஆற்று முகத்துவாரத்தைப் பெருக்கி, கடல் வற்றிய நேரத்திலும் கடக்க முடியாமல் செய்கிறது. அமாவாசையின் தாழ்ந்த வற்றத்தை நம்பிக் கழிமுகத்தைக் கடக்க நினைப்பவர், அதற்கு முந்தைய இரவு கூடாரம் அடித்திருக்கும் மணல்மேடு அதே அமாவாசையின் உயர்ந்த ஏற்றத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனவே அருவி முதல் நாள், காடு இரண்டாம் நாள், கடல் மூன்றாம் நாள் என்ற மாறாத வரிசையைத் தருவதைவிட, கழிமுகத்தை எந்த நாளில் எந்த மணிக்குக் கடக்க முடியும் என்று முதலில் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளச் சொல்வதே சரியான அறிவுரை. எந்தத் திசையில் நடப்பது என்பதும் அப்போது மாறலாம். கடலில் தொடங்கி அருவியில் முடிப்பதில் தவறொன்றும் இல்லை.

இவையெல்லாம் போகிறவர்கள் தாமே தேடிக்கொள்ள வேண்டியவை, செய்தித்தாளின் வேலை ஆர்வத்தைத் தூண்டுவதோடு முடிந்துவிடுகிறது என்று சிலர் சொல்லக்கூடும். அனுபவம் உள்ளவர்களைப் பொறுத்தவரை அது உண்மையே. அவர்கள் தங்கள் கட்டுரையை நம்பிப் புறப்படப் போவதில்லை. முதல் முறையாக நடக்க முனைபவர்தான் அச்சில் வந்ததை அப்படியே பின்பற்றுவார். எதைத் தேட வேண்டும் என்பதே தெரியாதவரிடம் தேடிக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது. இப்படியெல்லாம் எழுதினால் வாசகர் பயந்துவிடுவார் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. கடல் வற்றும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போகிறவர், தெரியாமல் போகிறவர் காணாத பாறைக்குளங்களையும் அதில் வாழும் உயிர்களையும் காண்கிறார், நிம்மதியாகவும் நடக்கிறார்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். இனி வெளியாகும் நடைப்பயணக் கட்டுரைகளில் படம் எடுக்கப்பட்ட மாதம், அருவி நோக்கிய திசை, ஓடையும் கழிமுகமும் எத்தனை இடங்களில் குறுக்கிடுகின்றன, அவற்றுக்கு மாற்றுவழி உண்டா, ஓத அட்டவணை கிடைக்கும் அருகிலுள்ள துறைமுகம் எது, தடம் மூடப்படும் மாதங்கள் எவை, எந்த இடத்தைக் கடந்தபின் திரும்ப இயலாது ஆகியவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இதற்கு இடம் போதாதென்றால் ஒரு படத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. சென்ற ஞாயிறு வெளியான கட்டுரையின் மூன்றாம் நாள் திட்டத்தில் உள்ள பிற்பகல் இரண்டு மணி என்பது கட்டுரையாசிரியர் சென்ற நாளுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், மற்ற நாட்களில் செல்பவர்கள் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்த பின்னரே பாறை முனையைச் சுற்ற வேண்டும் என்றும் ஒரு திருத்தக் குறிப்பை, அடுத்த இணைப்பு வரும் வரை காத்திராமல், நாளைய இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்